கறுப்பு கோட்டுடன் கதை எழுத வருகிறவர்களுக்கு

"சார், ஒரு கிரைம் நாவல் எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க" என்று ஜூனியர்கள் கையெழுத்துப் பிரதியோடு வருவது இப்போது அதிகமாகிவிட்டது. புரட்டினால் முதல் பக்கத்தில் மழை, இரண்டாம் பக்கத்தில் பிணம், பத்தாம் பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு வக்கீல். அவன் எந்தக் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறான் என்பது கடைசி வரை தெரிவதில்லை. தினமும் செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கிற நீங்கள், எழுத உட்கார்ந்ததும் ஓ.டி.டி.யில் பார்த்த கோர்ட்டுக்குப் போய்விடுகிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கிரிமினல் பக்கம் வேலை செய்கிறவர்களை நினைத்து எழுதியது இது. சிவில்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாதிக் கொலைகள் பாகப்பிரிவினை வழக்கில்தான் தொடங்குகின்றன.

1. தொழிலை விடாதீர்கள்.

ஜான் கிரிஷாம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சவுத்ஹேவன் என்ற ஊரில் வக்கீலாக இருந்தவர். முதல் நாவலை விடியற்காலையில் எழுந்து, கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் எழுதினார். முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1989இல் ஒரு சின்னப் பதிப்பகம் 5,000 பிரதிகள் போட்டது. அதுவும் சரியாக விற்கவில்லை. ஆனால் அதை முடித்த கையோடு அடுத்ததை எழுத ஆரம்பித்திருந்தார். அதுதான் 1991இல் வந்த 'தி ஃபர்ம்'. அதற்குப் பணம் வந்த பிறகுதான் வக்கீல் அலுவலகத்தை மூடினார். ஸ்காட் டுரோ சிகாகோவில் மத்திய அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தவர். வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து எழுதிய நாவல் 'பிரிசூம்டு இன்னசன்ட்', 1987இல் வந்தது. பெயரும் பணமும் வந்த பிறகும் அவர் வழக்கு நடத்துவதை நிறுத்தவில்லை.

நமக்கு ரயில் இல்லாவிட்டாலும் வாய்தாவுக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. தமிழில் நாவல் எழுதி வீட்டு வாடகை கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். எனவே பணத்தைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பார் கவுன்சில் விதிகள் எழுதுவதைத் தடுக்கவில்லை, விளம்பரத்தைத்தான் தடுக்கின்றன. பின்னட்டையில் உங்கள் சேம்பர் முகவரியையும் கைபேசி எண்ணையும் போட்டு, "குற்றவியல் வழக்குகளில் நிபுணர்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு புத்தகம் என் மேஜைக்கு வந்தது.

2. கதையைத் தேடி அலையாதீர்கள், கட்டைப் பிரியுங்கள்.

கொலை வழக்குக் கட்டில் மேலே இருப்பது எஃப்.ஐ.ஆர். அதில் மூன்று நேரங்கள் உண்டு. சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்குப் புகார் வந்த நேரம், மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட நேரம். சம்பவம் ராத்திரி 9 மணி, புகார் 10 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து மாஜிஸ்ட்ரேட் வீடு நான்கு கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று பெயர், ஆனால் போய்ச் சேர்ந்தது மறுநாள் பகல் 11 மணிக்கு. அந்தப் பதின்மூன்று மணி நேரம் ஸ்டேஷனில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? எந்தப் பெயர் உள்ளே வந்தது, எந்தப் பெயர் வெளியே போனது? கோர்ட்டில் நமக்கு அது "விளக்கப்படாத தாமதம்" என்கிற ஒரு வாதம், எழுத்துபூர்வமான வாதுரையில் ஒரு பத்தி. எழுதுகிறவனுக்கு அது முழு ராத்திரி. அதற்குள் ஒரு ரைட்டர், ஒரு ஊர்ப் பெரியவர், டீ வாங்கப் போன ஒரு கான்ஸ்டபிள் எல்லோரும் இருக்கிறார்கள்.

அடுத்தது பிரேதப் பரிசோதனைச் சான்று. இரைப்பையில் பாதி செரித்த சோறு இருந்ததாக டாக்டர் எழுதியிருப்பார். இறந்தவன் சாயங்காலமே வீட்டை விட்டுப் போனான், சாப்பிட வரவில்லை என்று மனைவி சொல்லியிருப்பார். வக்கீல் இதை வைத்து இறந்த நேரத்தை அசைத்துப் பார்ப்பான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: அவனுக்குச் சோறு போட்டது யார்? அந்த வீடு பார்வை மகஜரில் இல்லை. அந்த அம்மாள் சாட்சிப் பட்டியலிலும் இல்லை. ரஃப் ஸ்கெட்ச்சையும் எடுத்துப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வெட்டியதைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்வார்; ஸ்கெட்ச்சில் கம்பமே இருக்காது.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனமில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தில் 23ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. ஆகவே கொலை செய்தவன் நேராக வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நடந்து போகிறான். முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரிடம் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்கிறான். அவர் எழுதி வாங்கி, தன் அறிக்கையோடு அவனையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார். தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை பேர் இப்படி வி.ஏ.ஓ.வைத் தேடிப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். கோர்ட்டுகள் பல முறை இதை நம்பாமல் தள்ளியும் இருக்கின்றன. வக்கீலாக அந்தச் சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் கிழித்திருக்கிறேன். எழுதுகிறவனாக எனக்கு அவர் மேல் பரிவுதான். சிட்டா, அடங்கல் பார்க்க வேலைக்கு வந்த மனிதர். இன்ஸ்பெக்டர் சொன்னால் மறுக்க முடியாது; கூண்டில் ஏறினால் வக்கீல் விட மாட்டான். அந்த ஆளை நடுவில் வைத்து ஒரு நாவல் வந்து நான் பார்க்கவில்லை.

நடந்தது ஒன்று, கட்டில் இருப்பது இன்னொன்று, தீர்ப்பில் வருவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம். மற்ற எழுத்தாளர்களைவிட நம்மிடம் அதிகமாக இருப்பது இது ஒன்றுதான். சட்ட அறிவு அல்ல. அதை யாரும் புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

3. நம் கோர்ட்டை எழுதுங்கள்.

நம் நீதிபதி சுத்தியலால் மேஜையைத் தட்டுவதில்லை. சாட்சி சொல்லும்போது வக்கீல் கூண்டைச் சுற்றி உலா வருவதில்லை. 'பராசக்தி' 1952இல் வந்தது. அன்று முதல் தமிழ்க் கோர்ட் காட்சி என்றால் குற்றவாளிக் கூண்டிலிருந்து பத்து நிமிஷ வசனம். அது சினிமாவுக்கு அழகு. உண்மையில் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவுக் கேள்வியை எதிரியிடம் கேட்கும்போது (இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு) நம் ஆள் பெரும்பாலும் சொல்வது ஒரே பதில்: "பொய் வழக்கு." அந்த இரண்டு சொல்லைச் சொல்லவைக்கத்தான் சீனியர் அவனை அரை மணி நேரம் தயார் செய்திருப்பார். வசனத்தைவிட அந்த அரை மணி நேரம் எனக்கு முக்கியம்.

ஜூரி வேண்டுமென்றால் கதையைப் பின்னால் தள்ளுங்கள். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னால் நடந்தது. 1945இல் தண்டனை, பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்ப, 1947இல் விடுதலை. 1952இல் நடந்த ஆளவந்தார் கொலையும் அப்படித்தான். தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ஏறி மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில். அந்த வழக்கை நடத்திய நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் ஆங்கிலத்தில் நாவலும் நாடகமும் எழுதியவர். குற்றவாளிக்கு ஏழு வருடமும் அவர் மனைவிக்கு மூன்று வருடமும்தான் கிடைத்தன. ஊர் தூக்கை எதிர்பார்த்திருந்தது. ஒரு நாவலாசிரியர் மேடையில் உட்கார்ந்து அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே ஒரு நாவலுக்குப் போதும். உங்களில் யாராவது எழுதுங்கள்.

நானாவதி வழக்கோடு ஜூரி ஒழிந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது முழுச் சரியல்ல. மாநிலம் மாநிலமாகக் கழன்று வந்து, 1973ஆம் வருட நடைமுறைச் சட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று. இன்றைய கதையில் ஜூரி உட்கார்ந்தால் வாசகர் மன்னிப்பார். நான் மன்னிக்க மாட்டேன்.

4. வாய்தாவைக் கதையாக்குங்கள்.

அமெரிக்க நாவலில் விசாரணை திங்கட்கிழமை ஆரம்பித்தால் தொடர்ந்து ஓடி முடிகிறது. அதனால் அவர்கள் கதைக்கு மூச்சிரைப்பு தானாக வருகிறது. நம் சட்டமும் தினசரி விசாரணை என்றுதான் சொல்கிறது. நடப்பது உங்களுக்குத் தெரியும். முதல் விசாரணை இன்று, குறுக்கு விசாரணைக்கு வாய்தா, அதற்கு மேல் ஒரு வாய்தா. பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கில் சாட்சியின் குறுக்கு விசாரணை இருபது மாதம் தள்ளிப்போய், அவர் பிறழ் சாட்சியானார். 2015இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இழுத்தடிப்பு கதையைக் கெடுக்கிறது என்று நினைத்து நீங்கள் வாய்தாக்களை வெட்டிவிடுகிறீர்கள். வெட்டாதீர்கள். முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவில் சாட்சி வீட்டுக்கு யாரோ போகிறார்கள். மிரட்டத்தான் போவார்கள் என்றில்லை. சாட்சியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கலாம், அடகில் இருந்த நகையை மீட்டுக் கொடுக்கலாம், குலதெய்வக் கோயிலில் ஒன்றாகச் சாப்பிட உட்காரலாம். அடுத்த வாய்தாவில் சாட்சி கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துச்சு, சரியாத் தெரியலைங்க" என்கிறார். துப்பாக்கியும் கார் துரத்தலும் நமக்கு எதற்கு? ஒரு கல்யாணப் பத்திரிகை போதும்.

5. குறுக்கு விசாரணையை மெதுவாக எழுதுங்கள்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறீர்கள். வக்கீல் கர்ஜிக்கிறார், சாட்சி வியர்க்கிறார், உடைந்து அழுகிறார். நல்ல குறுக்கு விசாரணை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடப் புரியாது. சாட்சி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது வெட்டியதைப் பார்த்தாராம். எத்தனை ஆடு? யாருடைய ஆடு? தினமும் எத்தனை மணிக்கு ஓட்டிப் போவீர்கள்? செவ்வாய்க்கிழமை சந்தைக்கு யார் போவது? நீங்கள்தானா, வேறு யாரும் இல்லையா? அவ்வளவுதான். "உட்காரலாம்" என்று வக்கீல் உட்கார்ந்துவிடுகிறார். சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை என்பது வாதத்தின்போதுதான் வெளியே வரும். "அப்படியானால் அங்கே எப்படி இருந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் சாட்சி ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிடுவார். கேட்காமல் விட்டதை வாசகர் தானே கேட்டுக்கொள்ளும்படி எழுத வேண்டும். இது நாடகத்தைவிடக் கஷ்டம்.

சாட்சியம் பதிவாகும் விதத்தையும் கவனியுங்கள். வக்கீல் சொல்வார்: "நீங்க அந்த எடத்துலேயே இல்லை. உங்க மச்சான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறீங்க." சாட்சி கொஞ்ச நேரம் மச்சானைத் தேடி வெளியே பார்ப்பார். பிறகு, "இல்லைங்க, இருந்தேன்" என்பார். காகிதத்தில் வருவது: "சம்பவ நேரத்தில் நான் அங்கு இல்லை என்றும், என் மைத்துனர் சொல்லிக் கொடுத்தபடி சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல." கேள்வி கரைந்துவிட்டது. அந்தத் தயக்கம், வெளியே பார்த்த பார்வை, எதுவும் இல்லை. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளின் ஆயுளைத் தீர்மானிப்பார்கள். நீங்கள் நாவலில் செய்ய வேண்டியது இதைத் தலைகீழாக: அந்தச் "சரியல்ல"வை எடுத்துக்கொண்டு, தொலைந்ததை எல்லாம் திரும்ப வைப்பது. சாட்சிய நகல்களை வைத்துக்கொண்டு இதைப் பயிற்சியாகவே செய்து பாருங்கள்.

6. உங்கள் கட்சிக்காக வாதாடாதீர்கள்.

வக்கீல் எழுதும் நாவலின் பெரிய நோய் இது. கதாநாயகன் நல்லவன், அவன் கட்சிக்காரன் நிரபராதி, அரசு வக்கீல் முட்டாள், இன்ஸ்பெக்டர் காசு வாங்குகிறவர். இது நாவலா, ஜாமீன் மனுவா? எதிர்த்தரப்புக்கு உங்களால் யோசிக்க முடிந்த மிகச் சிறந்த வாதத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, உங்கள் ஆள் எப்படித் திணறுகிறான் என்று பாருங்கள்.

ராபர்ட் டிராவர் என்ற பெயரில் 1958இல் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' எழுதியவர் ஜான் வோல்கர். புத்தகம் வந்தபோது அவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. 1952இல் தானே எதிரித் தரப்பில் நடத்திய ஒரு கொலை வழக்கிலிருந்து எடுத்த கதை. அதில் ஓர் இடம் உண்டு. வக்கீல் சிறையில் கட்சிக்காரனைப் பார்க்கிறார். என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்பதற்கு முன்பே, கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப சட்டத்தில் என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எது எது இவனுக்குப் பொருந்தாது என்று பாடம் நடத்துகிறார். மிச்சமிருக்கும் வழிக்குத் தகுந்தபடி கட்சிக்காரன் தன் ஞாபகத்தைச் சரிசெய்துகொள்கிறான். வக்கீல் பொய் சொல்லச் சொல்லவே இல்லை. நம் சேம்பர்களில் இது நடப்பதே இல்லை என்று யாராவது சொன்னால், அவருக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தன் தொழிலைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுத ஒரு நீதிபதிக்கு வந்த தைரியம் உங்களுக்கும் வர வேண்டும்.

டுரோ செய்தது இன்னொரு விதம். அவருடைய நாவலில் கதை சொல்கிறவனே அரசு வக்கீல். கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருப்பதும் அவன்தான். இத்தனை வருடம் அடுத்தவர்களுக்குச் செய்ததெல்லாம் தன் மேல் திரும்பும்போது எப்படி இருக்கும் என்று காட்டுகிறார். எந்தப் பக்கமும் சாய முடியாத இடத்தில் வாசகரை உட்கார வைத்தார்.

7. சொந்த வழக்கை எழுதும் முன் நாலு நாள் யோசியுங்கள்.

கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது அவருடையது. சாட்சிய அதிநியம் 132ஆம் பிரிவைப் படியுங்கள். வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் யார் என்று ஊகிக்க இடம் கொடுத்தாலே நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு வரும். பெயரை மாற்றிவிட்டு, தெருவையும் அப்பா பார்த்த வேலையையும் அப்படியே வைக்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் "யாவும் கற்பனையே" என்று அச்சிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. வோல்கரின் கதையில் தாங்கள் அவமானப்படுத்தப்பட்டதாக, அசல் வழக்கில் கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் பதிப்பகத்தின் மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள். 1962இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். ஜெயித்தது பதிப்பகம்தான், ஆனால் அந்த மகளின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. வழக்கிலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வேன்: ஒரு அரிவாள், ஒரு ரசீது, ஒரு பொய். ஆட்களை எடுக்க மாட்டேன். கிரிஷாம் ஊர்க் கோர்ட்டில் ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த கொடுமையைச் சாட்சியாகச் சொல்வதைக் கேட்டார். அவளுடைய தகப்பன் பழி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். கேட்டது கோர்ட்டில், எழுதியது நடக்காத ஒன்றை.

8. ஒரு பிரிவு வில்லனாக இருக்கலாம்.

ஃபெர்டினான்ட் ஃபான் ஷிராக் பெர்லினில் கிரிமினல் வக்கீல். அவருடைய தாத்தா ஹிட்லரின் இளைஞர் படைத் தலைவராக இருந்து, நியூரம்பர்க்கில் இருபது வருடத் தண்டனை பெற்றவர். பேரனின் முதல் புத்தகம் 2009இல்தான் வந்தது. 2011இல் வந்த 'கொலினி வழக்கு' சின்ன நாவல். இத்தாலியிலிருந்து வந்த ஒரு முதிய தொழிலாளி பெர்லின் ஹோட்டலில் ஒரு பெரிய தொழிலதிபரைக் கொல்கிறார். ஏன் என்று சொல்ல மறுக்கிறார். வில்லன் மனிதன் இல்லை, 1968இல் நிறைவேறிய ஒரு சட்டம். சில்லறைக் குற்றங்களுக்கான அபராத நடைமுறையைப் பற்றியது போன்ற தலைப்பு. அதற்குள் ஒளிந்திருந்த ஒரு திருத்தத்தால், நாஜிக் கொலைகளுக்குத் துணை நின்ற பலரின் குற்றம் காலாவதியாகிப் போனது. பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நிறைவேறியது. நாவல் வந்த அடுத்த ஆண்டே, தன் நாஜித் தொடர்புகளை ஆராய ஜெர்மன் நீதி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது.

நம் சட்டப் புத்தகத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் எதிரியின் உரிமை. 90ஆவது நாள் சாயங்காலம் கோர்ட் கலையும் நேரத்தில், குற்றப்பத்திரிகையோடு கிளம்பிய கான்ஸ்டபிளின் பைக் எங்கோ நிற்கிறது. நின்றதா, நிறுத்தப்பட்டதா? காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஜூனியரின் கையில் மனு தயாராக இருக்கிறது. இதில் ரத்தம் இல்லை, ஆனால் படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டுவார்.

9. பிரிவு எண்களில் கவனம்.

2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலைக்கு இ.த.ச. 302, அன்று முதல் நடந்ததற்கு நியாய சன்ஹிதா 103. இரண்டும் இன்று ஒரே கோர்ட்டில் அடுத்தடுத்துக் கூப்பிடப்படுகின்றன. ஊரில் மட்டும் யாரும் 103 என்று சொல்வதில்லை, இன்னும் "திரி நாட் டூ"தான். பாத்திரங்கள் ஊர் வழக்கில் பேசட்டும், கட்டில் இருப்பது சரியாக இருக்கட்டும். மற்றபடி பக்கத்துக்கு ஒரு பிரிவு எண் போதும்.

10. வக்கீலை மட்டும் எழுதாதீர்கள்.

குமாஸ்தாவுக்கு எந்தக் கட்டு எங்கே என்று தெரியும், யார் எப்போது சமரசத்துக்கு வருவார் என்றும் தெரியும். கோர்ட் கான்ஸ்டபிளுக்குத் தெரியாத சாட்சி இல்லை. ஸ்டாம்ப் வெண்டர், டைப்பிஸ்ட், டவாலி, கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர். ஒரு வழக்கின் எல்லாக் காகிதமும் ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணில் பட்டுத்தான் போகிறது. மைக்கேல் கில்பர்ட் லண்டனில் சொலிசிட்டர். 1950இல் எழுதிய நாவலில், பத்திரங்கள் வைக்கும் பெட்டிக்குள் பிணத்தை வைத்தார். எந்தப் பெட்டியை யார் எப்போது திறப்பார் என்று ஆபீஸில் வேலை செய்தவருக்குத்தானே தெரியும்?

11. முன்னோடிகள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

1879இல் வந்த முதல் தமிழ் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தவரும்கூட. நம் நாவல் கோர்ட்டு மனிதர் கையில்தான் பிறந்தது. தேவனின் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' ஒரு கொலை விசாரணையையே தொடர்கதையாக்கியது. சாட்சிகள் பேச்சில் எப்படி வேறுபடுகிறார்கள் என்று கற்றுக்கொள்ள அதைப் படியுங்கள். தமிழ் வாசகர் மனதில் இன்றும் இருக்கும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும். அவர்களை உருவாக்கிய சுஜாதா எஞ்சினீயர். 1968இல் 'நைலான் கயிறு' வந்தபோது அந்த வேலையைச் செய்தது நம் தொழிலில் இருந்தவரல்ல என்பது நமக்கு உறைக்க வேண்டும். கணேஷ்–வசந்தை நகல் எடுக்காதீர்கள். புத்திசாலி சீனியர், குறும்புக்கார ஜூனியர் என்று வரும் பிரதிகளை நான் மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிடுவேன்.

12. விடுதலையோடு முடிக்காதீர்கள்.

சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. நமக்கு அன்று மாலை ஸ்வீட் பாக்கெட். நம் நடைமுறையில் அதற்குப் பிறகு பெரும்பாலும் யாரும் எதையும் தேடுவதில்லை. இவன் செய்யவில்லை என்றால் செய்தவன் யார் என்று போலீஸ் மறுபடி ஆரம்பிப்பது அபூர்வம். ஏர்ல் ஸ்டான்லி கார்டனர் இந்தக் கஷ்டத்தை ஒரு தந்திரத்தால் கடந்தார். கல்லூரியில் சட்டப் பட்டம் வாங்காமலே 1911இல் கலிபோர்னியாவில் வக்கீலானவர் அவர். 1933இலிருந்து எண்பதுக்கு மேற்பட்ட பெரி மேசன் நாவல்களைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். கோர்ட்டிலேயே அசல் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போவார். அந்த நிம்மதியை விற்பதில் தவறில்லை. ஆனால் விற்பது அதுதான் என்று தெரிந்து செய்யுங்கள்.

விற்க வேண்டாம் என்றால், தீர்ப்பு வாசிக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இறந்தவனின் தாயைப் பாருங்கள். தீர்ப்பு ஆங்கிலத்தில் வாசிக்கப்படலாம். என்ன ஆயிற்று என்று அவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவில் இருக்கிறது. இதை அந்த அம்மாளுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அரசு வக்கீல் அடுத்த கட்டுக்குப் போய்விட்டார். எதிரித் தரப்பு வக்கீலான உங்கள் கதாநாயகன் சொல்ல முடியாது. வராந்தாவில் யார் அவரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்று முடிவு செய்த பிறகு எனக்கு அனுப்புங்கள்.